முசரவாக்கத்துக் கல் தரை தொட்ட விதம்

1969ஆம் வருடம் ஆடிக் கடைசி வெள்ளியன்று காலை ஒன்பதே காலுக்கு முசரவாக்கத்தில் விழுந்த கல், தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. விழுந்த இடம் அப்பாதுரையின் வேர்க்கடலைக் கொல்லை. கல் நடுத்தரப் பூசணிக்காய் அளவு. நிறம் அடிப்பிடித்த சட்டியின் கறுப்பு. வாசனை, புதுத் தார் ரோட்டில் மழை பெய்தால் வருமே, அது. அன்று சுதந்திர தினம். பஞ்சாயத்துத் தலைவர் என்ற முறையில் அப்பாதுரை பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தபோது வானத்தில் மூன்று வெடிச்சத்தம் கேட்டது. அவர் கயிற்றை வாத்தியார் கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். வாத்தியார் பயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டதால் கொடி மத்தியானம்வரை முக்கால் கம்பத்தில் பறந்தது. கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்த ஆறு பெண்களில் ஐந்து பேர் ஏரிக்கரைப் பக்கம் தலைதெறிக்க ஓடினார்கள். ஆறாவது ஆளான பட்டம்மாள் ஓடவில்லை. கல்லிலிருந்து தெறித்த புளியங்கொட்டை அளவுத் துணுக்கு ஒன்று அவளை நோக்கி மெதுவாக மிதந்து வந்துகொண்டிருந்தது. அவள் தன் அலுமினிய டிபன் பாக்ஸிலிருந்த கூழைக் குடித்து முடித்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அதை எடுத்துத் திறந்து நீட்டினாள். துணுக்கு உள்ளே வந்தது. மூடிவிட்டாள்.

ஓடாமல் நின்றதற்குக் காரணம் தைரியம் அல்ல, பழக்கம். அவள் மகள் அன்னம்மாள் ஆறு வயதிலிருந்தே வித்தியாசமான கல் எதைப் பார்த்தாலும் எடுத்துவை என்று சொல்லிச் சொல்லி அம்மாவைப் பழக்கிவிட்டிருந்தாள். அதே பைத்தியம்தான் அவளைக் காலனியிலிருந்து காஞ்சிபுரம் பெண்கள் பள்ளிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் கொண்டுபோனது. இப்போது இருபத்தாறு வயதில் சென்னையில் ஒரு கல்லூரியின் மண்ணியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது பேராசிரியர் வரும்முன் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைப்பதும், போனபின் உறை போடுவதும், இடைப்பட்ட நேரத்தில் அவருக்காகக் கல்லைத் தேய்ப்பதும். லீவு நாளாக இருந்ததால் அன்று பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஊருக்கு வந்தாள். அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். துணுக்கு அடியையும் தொடாமல், பக்கத்தையும் தொடாமல், நடுவில் நின்றது. அன்னம்மாள் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"இன்னாமா இது, பேய் புடிச்சாப்ல பண்றே?" என்றாள் பட்டம்மாள்.

"அம்மா, இது கரிக்கல்லுமா! வானத்துல இருந்து வர்ற கல்லுலயே ரொம்ப ரொம்பப் பழசு. உலகத்துலயே எண்ணி முப்பதோ நாப்பதோதான் இருக்குது. சூரியன் பொறந்தப்போ மிச்சம் விழுந்த மண்ணுமா இது!"

பட்டம்மாள் டிபன் பாக்ஸை ஒருமுறை பார்த்தாள். "அப்போ மத்தியானத்துக்கு நான் சோறு எதுல எடுத்துக்கினு போறது?" என்று கேட்டாள்.

கல் ஏன் தரையைத் தொடவில்லை என்பது ஊருக்கு முதலில் புரியவில்லை. புரியவைத்தது அப்பாதுரைதான். அவர் எதையும் மினிட் புத்தகத்தில் ஏற்றாமல் விடமாட்டார். மறுநாளே பஞ்சாயத்தைக் கூட்டி, மேற்படி கல் இரும்புக் கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளை விட்ட கணத்தில் கல் ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்கு எழும்பியது. பத்து நாள் கழித்துத் தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதால், இது அந்த ராக்கெட்டின் உடைசல் என்று எழுதி முத்திரையும் குத்தினார். கல் இடுப்பு உயரத்துக்குப் போனது. கர்ணம் கோல் வைத்து அளந்து, ஊருக்குப் பொதுவாக விஷயத்தை அறிவித்தார். வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கல் காதில் போட்டுக்கொள்ளாது. ஆனால் அது இன்ன வகை என்று தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் எழும்பும். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக எழும்பும். இப்படியே நாலைந்து தப்பு நடந்தால் கல் வந்த வழியே போய்விடும். சரியாக எழுதினால்தான் தரையில் இறங்கும். ஊர் இதைக் கேட்டுத் தலையாட்டியது. அதற்குப்பின் முசரவாக்கத்தில் ரேஷன் கார்டில்கூட ஒருவரும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை.

இதற்குள் காஞ்சிபுரத்திலிருந்து ஜனம் வரத் தொடங்கியிருந்தது. அந்தரத்தில் நிற்கும் கல்லைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. முதல் வெள்ளி நல்லெண்ணெய், இரண்டாம் வெள்ளி பால், அதன்பின் தினமும் ஏழு குடம் தண்ணீர் என்று அபிஷேகம் நடந்தது. தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பதினைந்தாம் நாள் கல்லின் மேல் வெள்ளை வெளேரென்று மூன்று கோடுகள் குறுக்கே தோன்றின. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் பட்டை பட்டை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் கிழக்குப் பக்கம் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, நாமம் என்றார்கள். நாமம் என்று ஆனதும் அது வடகலையா தென்கலையா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு பஸ் பிரிந்தது. ஒருவரும் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாததால் கல் இந்த விவகாரத்தில் தலையிடவில்லை.

அன்னம்மாள் மட்டும் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் குடங்களை எண்ணினாள். இந்தக் கல்லுக்குள் உப்பு இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் கரைந்து வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஈரச் சுவரில் பூப்பது போலத்தான். எண்ணெயோ அதைவிட மோசம். கல்லுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, பின்னால் சோதிக்கிறவனிடம் நானும் வானத்திலிருந்துதான் வந்தேன் என்று பொய் சொல்லும். அவள் அபிஷேகக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். எந்தத் தெரு, யார் மகள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, நீ யார் சொல்ல என்ற முகத்தோடு எட்டாவது குடத்தையும் ஊற்றினார்கள். ஊர் உலகத்தில் எல்லாவற்றையும் இன்னது என்று வகை பிரித்துவிட்டுத்தான் பேசுவார்கள். கல்லை மட்டும் வகை பிரிக்க ஆள் வேண்டியிருந்தது. அவள் திரும்பினாள். அவள் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. தண்ணீர் படாத, எண்ணெய் படாத, அலுமினியம்கூடப் படாத துணுக்கு அவளிடம் மட்டும்தான் இருந்தது.

அவள் துறைப் பேராசிரியர் வரதராஜன் கெட்டவர் அல்ல. ஆனால் கல்லைவிடச் செய்தியை அதிகம் நேசிப்பவர். அவர் காரில் வந்து, கோடுகள் இருந்த இடத்திலேயே சுரண்டி எடுத்துக்கொண்டு போனார். இந்தக் கரிக்கற்களை அப்போது மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். முதல் வகையில் எல்லாம் ஈரக் களிமண் மாதிரி கறுப்பு மாவுதான், மணிகள் இருக்காது. இரண்டாம் வகையில் சின்ன மணிகள் கொஞ்சம் உண்டு. மூன்றாம் வகையில் ரவாலட்டு மாதிரி மணிகள் நிறைந்திருக்கும், ஈரம் இருக்காது. மணி என்பது வானத்தில் உருகி உருண்டு இறுகிய துளி, கடுகளவும் இருக்காது. வரதராஜன் வெள்ளை உப்பைக் கண்டார், முதல் வகை என்றார். அதில் எண்ணெய்ப் பசையையும் கண்டார், விண்ணில் உயிரின் சுவடு என்றார். சார், அது செக்கு எண்ணெய் சார் என்று அன்னம்மாள் இரண்டு தடவை சொன்னாள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்று மாலை நாலு மணிக்கு ஆய்வுக்கூட மேஜை மேலிருந்த டிபன் பாக்ஸின் மூடியை ஏதோ உள்ளிருந்து தட்டியது. அதே நேரம் முசரவாக்கத்தில் கல் இடுப்பிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே போனது. அபிஷேகக்காரர்கள் ஏணி வாங்கினார்கள்.

அன்னம்மாள் துணுக்கைத் தேய்க்கத் தொடங்கியது புரட்டாசியில். கண்ணாடிச் சில்லில் பிசின் வைத்து ஒட்டி, சாணைத் தூள் போட்டு, ஒளி ஊடுருவிப் போகும்வரை தேய்க்க வேண்டும். ஜரிகை இழையைவிட மெல்லிதாக வர வேண்டும். தண்ணீர் ஆகாது என்பதால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். சில்லு அடிக்கடி மேஜையை விட்டு எழும்பப் பார்த்தது. இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வலது கையால் வட்டம் வட்டமாகப் பத்தொன்பது நாள் தேய்த்தாள். இருபதாம் நாள் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கிளிப்பால் இறுக்கி, ஒளியை வடிகட்டும் இரண்டு கண்ணாடிகளையும் குறுக்கே திருப்பினாள். அவ்வளவுதான். கறுப்புக்குள்ளிருந்து மணிகள் எழுந்து வந்தன. மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு, வெங்காயத்தாள் பச்சை. தட்டைத் திருப்பத் திருப்ப ஒன்று அணைந்தது, இன்னொன்று எரிந்தது. அந்தக் கனிமத்தின் பெயரை, ஒலிவின், ஒலிவின் என்று வாய்விட்டுச் சொன்னாள். இத்தனை நிறமும் பூமி பிறக்குமுன்பே இருந்திருக்கிறது, பார்க்கத்தான் கண் இல்லை என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். துறைப் பியூன் விளக்கை அணைக்க வந்தபோது அவரையும் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அவரும் பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்றார்.

சிக்கல் மறுநாள் தெரிந்தது. சில்லின் ஒரு பாதியில்தான் மணிகள் இருந்தன. நடுவில் கோடு கிழித்தாற்போல் ஒரு எல்லை. அதைத் தாண்டினால் மணியே இல்லை. ஈரம் பட்டு உண்டாகிற பச்சைக் களிமண்ணும், மேக்னடைட் என்கிற கறுப்புக் காந்தத் துகளும்தான். ஒரு பாதி மூன்றாம் வகை, மறுபாதி முதல் வகை. பத்து நாள் யோசித்தாள். தறியில் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து பல்லுக்குப் பல் கோர்ப்பார்களே, அந்தக் கோர்வைதான் அவள் மனதில் வந்து நின்றது. காஞ்சிபுரத்தில் வளர்ந்த எவருக்கும் அதுதான் வரும். வேறு வேறு இடத்தில் பிறந்த இரண்டு கற்கள் வானத்தில் மோதி ஒட்டியிருக்கின்றன என்று முடிவு கட்டினாள். டெமான்ஸ்ட்ரேட்டர்கள் பதிவேட்டில் அளவுகளை மட்டும் எழுதலாம், முடிவு எழுதக்கூடாது என்பது துறையின் விதி. அன்னம்மாள் முடிவையும் எழுதினாள், கீழே முழுப்பெயரையும் எழுதினாள்.

மைக்ராஸ்கோப்பின் கிளிப் தெறித்தது. சில்லு விட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் அப்பாதுரையிடமிருந்து தந்தி வந்தது. கல் பனை உயரம், யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டிருந்தார். கர்ணம் கணக்குப் போட்டு இன்னொரு தப்பு நடந்தால் கல் கண்ணுக்கு எட்டாது என்று சொன்னதாகவும் இருந்தது.

அன்னம்மாள் ஸ்டூல் போட்டு விட்டத்திலிருந்து சில்லை எடுத்தாள். ஒரு கல்லை உலகத்தைவிட்டே துரத்துகிற இடத்துக்குக் கொண்டுவந்து விட்டோமே என்று நெஞ்சு படபடத்தது. அதே நெஞ்சின் ஓரத்தில் இன்னொன்றும் எட்டிப்பார்த்தது. துறையில் அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சம்பளப் பட்டியலில்கூட ஹெட்கிளார்க் சந்தேகமாகத்தான் பார்ப்பார். இந்தக் கல்லோ தாலுகா முத்திரைக்கும் பேராசிரியர் பட்டத்துக்கும் எழும்பியதைவிட அவளுக்கு அதிகம் எழும்பியிருந்தது. அவள் கையெழுத்தை முதலில் மதித்தது இந்தக் கல்தான், அதுவும் அவள் தப்பு செய்தபோது. ஸ்டூலில் நின்றபடியே சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை மைக்ராஸ்கோப்பை ஒரு பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினாள். குழந்தை என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரி வெயில் படாமல் முந்தானையால் மூடிவிட்டாள். போனது முசரவாக்கத்துக்கு அல்ல, பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவிலிருந்த தேவகியின் வீட்டுக்கு. தேவகி அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். வாய் நீளம், அதைவிட விரல் நுணுக்கம். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், முடிந்து அடுத்த பாவு ஏறும்போது பழைய இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஒரு சேலைப் பாவில் நாலாயிரத்துக்கும் மேல் இழை. தேவகி பிணைத்த பாவில் இழை அறுந்ததாகத் தெருவில் எவரும் சொன்னதில்லை. அன்னம்மாள் போனபோது அவள் தறிக்குள் குந்தியிருந்தாள், பாதிப் பாவு முடிந்திருந்தது, எழுந்திருக்க முடியாது.

கூரைக் கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெளிச்சத்தை மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியில் பிடித்து, தேவகியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்தாள் அன்னம்மாள். "சாம்பக் கையால தொட்டுடாதடீ" என்றாள்.

"தொடலடீ. ஆத்தா, இன்னா கலரு! இந்தப் பச்சைய எவன் சாயம் போட்டான்?" தேவகி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "சரி, இன்னா கேக்க வந்தே?"

"ரெண்டு கல்லு ஒட்டியிருக்குதுன்னு எழுதினேன். தப்புன்னு மேல போயிடுச்சு. எங்க தப்புன்னு தெரியல. கோர்வை மாதிரி இல்ல?"

தேவகியின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. பிணைத்த இடத்தைத் தேடும்போது அவள் விரல் அப்படித்தான் செய்யும்.

"சேத்த எடம்னா அங்க முறுக்கு இருக்கணும்டீ. ஒரு நெருக்கம், ஒரு கசங்கல், ஏதாச்சும் இருந்தே ஆவணும். நான் பொணைச்சாலும் உத்துப் பாத்தா தெரியும். இதுல சேத்த எடமே இல்ல. ஒரே பாவு." அவள் கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் கோட்டு மேலயே ஒரு மணி குந்திக்கினு இருக்குது பாத்தியா? பாதி மஞ்சளா எரியுது. மீதி பாதி கறுப்புப் பக்கம் போயி அணைஞ்சிடுச்சு. ஆனா உருவம் போகல, வட்டம் அப்டியே முழுசா நிக்குது. அந்தப் பக்கமும் பூரா மணிதான்டீ. சாயம் போன புட்டாப் பூ. பாதிய நனைச்சிருக்கானுங்க, அவ்ளோதான்."

அன்னம்மாள் அவளைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். இருந்தது. பத்து நாள் பார்த்தும் பார்க்காத மணி கோட்டின் மேலேயே இருந்தது. அதன் ஒரு பாதி ஒலிவின், மறுபாதி களிமண்; ஆனால் விளிம்பு எங்கும் முறியவில்லை. கறுப்பு என்று ஒதுக்கிய பாதியில் இப்போது தேடினால் எங்கு பார்த்தாலும் வட்டங்கள், ஒன்றையடுத்து ஒன்று, மங்கலாக, எண்ணி மாளாமல். இரண்டு கல் அல்ல. மூன்றாம் வகை, முதல் வகை என்று அவள் படித்தது பிறப்பே அல்ல. ஒரே கல்லின் ஒரு பாதி நனைந்திருக்கிறது, மறுபாதி நனையவில்லை. நனைந்ததும் இங்கே ஏழு குடத்தில் அல்ல. இந்தத் துணுக்கில் பூமியின் சொட்டு ஒன்றுகூடப் படவில்லை. ஏரியும் பாலாறும் உண்டாவதற்கு முன்னால், வானத்தில் எங்கோ பனி உருகி ஓடிய தண்ணீர் அந்தக் கோடு வரை வந்து நின்றிருக்கிறது. அன்னம்மாள் தேவகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஏய், பாவு, பாவு!" என்று கத்தினாள் தேவகி. சாம்பல் இருவர் முகத்திலும் அப்பியது.

முகத்தைக்கூடக் கழுவாமல் அன்னம்மாள் முசரவாக்கம் போய்ச் சேர்ந்தபோது கொல்லை நிரம்ப ஜனம். விழுந்த கல் பனை உயரத்தில் நின்றது, அதன் நிழல் மட்டும் வேர்க்கடலைச் செடிகளின்மேல் கிடந்தது. வரதராஜனின் காரும் வந்திருந்தது. மேலிடத்திலிருந்து நெருக்கியதால் அவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஒருவர் முதல் வகை என்கிறார், இன்னொருவர் பாதி மூன்றாம் வகை என்கிறார், இரண்டையும் கூட்டி வகுத்தால் இரண்டாம் வகை. எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் என்று படிவம் நிரப்பி, கார் பானெட்டின்மேல் வைத்துப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்னம்மாள் வரப்பில் ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் போனது. சார், போடாதீங்க சார் என்று கத்தினாள். அவர் நிமிர்ந்து, உனக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது அன்னம்மா என்று அமைதியாகச் சொன்னார்.

"கல்லுக்கு அது தெரியாது சார்" என்றாள் அவள்.

பதிவேடு கையில் இருந்தது, பேனா இல்லை. அப்பாதுரை சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். பஞ்சாயத்து விஷயத்தில் கையெழுத்துப் போடுகிறவனை அவர் தடுத்ததே இல்லை. அன்னம்மாள் அம்மாவின் முதுகைப் பலகையாக வைத்துக்கொண்டு எழுதினாள். ஒரே கல். மணி நிறைந்ததாகப் பிறந்தது. பிறந்தபின் ஒரு பாதி வானத்துத் தண்ணீரில் நனைந்தது. உள்ள வகை எதிலும் அடங்காது, புது வகை, பெயர் முசரவாக்கம். கடைசி வரியில் ஒரு நொடி பேனா நின்றது. தப்பாக இருந்தால் இந்தத் தலைமுறையில் இன்னொன்று விழாது. பட்டம்மாள் முதுகைத் திருப்பாமலே, "போடுறதுன்னா போடு, முதுகு வலிக்குது" என்றாள். போட்டாள்.

கல் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இறங்கத் தொடங்கியது. கிணற்றில் வாளி இறங்குவதுபோல் ஒரே சீராக, பனை உயரத்திலிருந்து ஆள் உயரம், இடுப்பு, முழம், சாண் என்று தான் ஏறிய படிகளிலெல்லாம் ஒரு கணம் நின்று நின்று இறங்கி, பதினோரு மணி பத்து நிமிடத்துக்குத் தரையைத் தொட்டது. மூன்று மாதம் தாமதமாக ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஊரே கத்தியது. பட்டை என்றவரும் நாமம் என்றவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். வரதராஜன் படிவத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வேட்டி சேறாவதையும் பார்க்காமல் கல்லின் எதிரில் மண்டியிட்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அன்று அவர் முகத்தில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் மாசி மாதம் விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரை வந்தபோது அதில் வரதராஜன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆய்வுக்கூட ஊழியர்களுக்கு நன்றி என்று அடியில் ஒரு வரி. அன்னம்மாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் துறைக்குத் தந்தி வந்தது. கல் நாலு விரல் எழும்பியிருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது, பதில் போடவும், அப்பாதுரை. வரதராஜன் தந்தியோடு காரில் ஏறினார். நேரே முசரவாக்கம் போய், கல்லுக்கடியில் தன் கையை நுழைத்துப் பார்த்தார். கை உள்ளே போனது. அன்றைக்கே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார். பங்குனியில் திருத்தச் சீட்டு அச்சாகி வந்தது. அன்னம்மாள் பெயர் முதலில் இருந்தது, அவர் பெயர் அடுத்து. கல் இறங்கிவிட்டதாக ஊரில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னம்மாள் சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். காஞ்சிபுரத்தில் இறங்கித் தேவகியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் தன் பெயரை விட்ட அநியாயத்தைப் பற்றித்தான் பேச்சு. கொல்லைக்கு வந்ததும் சீட்டைத் தேவகியிடம் நீட்டினாள். தேவகி அதை மேலிருந்து கீழே படித்தாள், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு குந்தி, இடுப்பில் செருகியிருந்த அரக்குப் பட்டு இழை ஒன்றை உருவி, கல்லுக்கடியில் ஒரு பக்கத்திலிருந்து விட்டாள். இழை தடங்கலில்லாமல் மறுபக்கம் வந்தது.

"இன்னும் தொடலடீ" என்றாள் தேவகி.

அன்னம்மாள் இழையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், தேவகியைப் பார்த்தாள். காது சூடானது. இரண்டு மாதமாக எந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாளோ அது அப்படியே திரும்பி அவள்மேலேயே உட்கார்ந்தது. சீட்டைத் தொடைமேல் வைத்து, தன் பெயருக்கு அடுத்தாற்போல் இடுக்கில், கோட்டின் மேலிருந்த மணியைக் கண்டவர் தேவகி, பெரிய காஞ்சிபுரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தேவகி இழையை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். "ஏய், நல்ல இழைடீ, மாட்டிக்கிச்சு!" என்றாள். இருவரும் சிரித்தார்கள், பிறகு இருவரும் அழுதார்கள், பட்டம்மாள் களைக்கொத்தோடு வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த விதைப்புப் பட்டத்திலிருந்து அப்பாதுரை அந்த இடத்தைச் சுற்றி உழுதார். கல் அதன்பின் அசையவில்லை. அதன் கிழக்குப் பக்கத்தில் அரக்கு இழையின் நுனி ஒரு விரற்கடை நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு வெயில் அடித்தும் அதன் சாயம் போகவில்லை.